விண்ணளந்த இசைவாணர் வில்லியம் ஹெர்ஷல்

வானத்தை ஆராய்வது பெரும்பட்டம் பெற்றோர்க்கும் அரசு வானாய்வகங்களுக்குமே உரிய பணி என்னும் எண்ணம் நம்மில் பலரிடம் வேரூன்றி உள்ளது. பல்கலைக்கழகத்தின் வாயிலை மாணவராய் மிதித்தறியாத ஒருவர், பகலெல்லாம் இசைப்பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு இரவில் தம் வீட்டுத் தோட்டத்தில் நின்றபடி ஒரு புதிய கோளைக் கண்டறிந்தார் என்றால் வியப்பாக இருக்கும். அவர்தாம் வில்லியம் ஹெர்ஷல். அவருடைய வாழ்வை நூல்கள் பலவாறு கூறுகின்றன. அவர் எவ்வாறு தொடங்கினார், யார் யார் துணையால் மேலே வந்தார் என்பதையே நாம் இங்குச் சிறப்பாக எடுத்துரைக்க விழைகிறோம்.

ஹெர்ஷல் 1738ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் செருமனியின் ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தையார் ஐசக் படைப்பிரிவின் இசைக்குழுவில் ஓபோ என்னும் குழல் வாசித்து வந்தார். மைந்தரும் இளமையிலேயே அதே குழுவில் சேர்ந்தார். 1757இல் ஹாஸ்டன்பெக் என்னுமிடத்தில் நடந்த போரில் ஹானோவர்ப் படை பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. அவ்வாண்டிலேயே பத்தொன்பது வயது இளைஞராக, அண்ணன் யாக்கோபுடன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார் ஹெர்ஷல். இலண்டனில் இசைக்குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். பின்னர் வட இங்கிலாந்தின் ஊர்களில் இசை பயிற்றி, 1766இல் பாத் நகரத்து எண்கோண ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவராக அமர்ந்தார். வெந்நீர் ஊற்றுகளால் புகழ்பெற்ற அவ்வூருக்குச் செல்வர்கள் ஓய்வு நாடி வருவர். ஆதலின் மாணாக்கருக்கும் கச்சேரிக்கும் குறைவில்லை.

இத்தனை வேலைக்கு நடுவே வானியல் எங்கிருந்து வந்தது? இசையின் வழியாகவே வந்தது. ராபர்ட் ஸ்மித் என்னும் அறிஞர் இசையொலிகளின் இயல்பைப் பற்றி எழுதிய நூலை ஹெர்ஷல் கற்றார். அதில் உளம் ஈடுபடவே, அதே ஆசிரியர் ஒளியியல் பற்றி எழுதிய நூலைத் தேடினார். அந்நூலிலோ தொலைநோக்கி செய்யும் முறை விளக்கமாகக் கூறப்பட்டிருந்தது. 1773இல் ஃபெர்குசனின் வானியல் நூலையும் வாங்கினார். படித்ததைக் கண்ணால் காணவேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு.

முதலில் வில்லைகளை வாங்கி நீண்ட குழாய்களில் பொருத்திப் பார்த்தார். அக்குழாய்கள் வளைந்து தொல்லை தந்தன. பின்னர் இரண்டடி நீளமுள்ள ஓர் ஆடித் தொலைநோக்கியை வாடகைக்கு எடுத்தார். அது கையாள எளிதாயிருந்தது. ஆயினும் அவர் விரும்பியது அதனினும் பெரியது. இலண்டனில் விசாரித்தபோது அவ்வளவு பெரிய ஆடி ஆயத்தமாக இல்லை என்றும், செய்து தருவதானால் தம் கைக்கு எட்டாத விலையாகும் என்றும் அறிந்தார். அந்நேரம் பாத் நகரில் வாழ்ந்த குவேக்கர் சமயத்தவர் ஒருவர், தாம் பொழுதுபோக்காக ஆடி மெருகிட வைத்திருந்த கருவிகளையும் அரைகுறையாய் நின்ற ஆடிகளையும் விற்க முன்வந்தார். ஹெர்ஷல் அவற்றை அப்படியே வாங்கிக்கொண்டார். பெயர்கூட அறியப்படாத அந்த அயலார் தம் கருவிகளைப் பரணில் போட்டு வைத்திருந்தால் வானியல் வரலாறு வேறாக இருந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

அக்காலத்து ஆடி கண்ணாடியால் ஆனதன்று. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்த உலோகத் தட்டு அது. வெள்ளீயம் மிகுந்தால் நன்கு பளபளக்கும். ஆனால் கண்ணாடியைப்போல் நொறுங்கிவிடும். செம்பு மிகுந்தால் உறுதியாயிருக்கும், பளபளப்புக் குன்றும். அளவறிந்து வார்த்து, பொடியிட்டுத் தேய்த்துக் குழிவாக்கி, பின் கீல் பூசிய கட்டையால் மெருகிடல் வேண்டும். அக்குழிவில் தலைமயிரின் கனத்தில் நூற்றில் ஒரு பங்கினும் குறைந்த பிழை நேர்ந்தாலும் விண்மீன் புள்ளியாகத் தோன்றாது, சிதறித் தோன்றும். இவ்வளவு பாடுபட்டும் அந்த ஆடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கையே திருப்பியனுப்பும். ஈரக்காற்றில் விரைவில் கறுத்தும் போகும். கறுத்தால் மீண்டும் முதலிலிருந்து மெருகிட வேண்டியதுதான்.

வீடு முழுவதும் பட்டறையாயிற்று. வரவேற்பறையில் தச்சர் குழாய் செய்தார். படுக்கையறை ஒன்றில் கடைசல் பொறி சுழன்றது. இவற்றையெல்லாம் நாம் அறிவது அவருடைய தங்கை கரோலின் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகளால் ஆகும். 1750இல் பிறந்த கரோலின் சிறு வயதில் கடுங்காய்ச்சல் கண்டு வளர்ச்சி குன்றியவர். நான்கடிக்குச் சற்றே மேற்பட்ட உயரமே உடையவர். இவளுக்குத் திருமணம் ஆகாது என்று கருதி அவரை அடுக்களையிலேயே வைத்திருந்தது குடும்பம். 1772இல் அண்ணன் அவரைப் பாத் நகருக்கு அழைத்துவந்து பாடகியாகப் பயிற்றினார். மெருகிடும்போது ஆடியிலிருந்து கையை எடுத்தால் வடிவம் கெடும் என்பதால் ஒருமுறை பதினாறு மணிநேரம் ஹெர்ஷல் கையை எடுக்கவே இல்லை. கரோலின் உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டினார். களைப்புத் தோன்றாதிருக்கக் கதைகள் படித்துக் காட்டினார். அக்கதைகளுள் அரபுநாட்டு ஆயிரத்தொரு இரவுகளும் ஒன்று என்பது நமக்கு இனிக்கும் செய்தி.

1774ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளன்று, தம் கையால் செய்த ஐந்தரை அடித் தொலைநோக்கியில் சனிக்கோளின் வளையத்தையும் ஓரியன் விண்முகிலையும் கண்டு, கண்டதை வரைந்து குறிப்பேட்டில் எழுதினார். அன்று தொடங்கிய குறிப்பேட்டுப் பழக்கம் முதுமை வரை நின்றது. வானம் பார்க்கப் புகும் மாணவர் பலர் கருவி வாங்குவதில் காட்டும் ஆர்வத்தைக் குறிப்பெழுதுவதில் காட்டுவதில்லை. நாள், நேரம், வானத்தின் தெளிவு, கண்ட உருவம் இவற்றை எழுதாத இரவு பாதி இழந்த இரவே எனலாம்.

ஐந்தாண்டுகளுக்கு மேல் இவ்வாறு தனியாகவே உழைத்தார். தாம் கண்டது சரியா தவறா என்று கேட்க ஓர் ஆள் இல்லை. 1779ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் ஓர் இரவு நிலவு அவருடைய வீட்டுக்கு முன்புறமாக நின்றது. தோட்டத்திலிருந்து காண இயலாமையால் தொலைநோக்கியைத் தெருவிலேயே நிறுத்தி, நிலவின் மலைகளை அளந்துகொண்டிருந்தார். அவ்வழியே வந்த வில்லியம் வாட்சன் என்னும் மருத்துவர் அங்கே நின்று, தாமும் பார்க்கலாமா என்று வேண்டினார். கண்ட காட்சி அவரைக் கட்டிப்போட்டது. மறுநாட்காலையில் நன்றி கூற வீடு தேடி வந்தவர், அவ்வூரில் அப்போதுதான் தோன்றியிருந்த பாத் தத்துவக் கழகத்தில் சேருமாறு ஹெர்ஷலை அழைத்தார்.

அந்தக் கழகம் ஒரு சிறு கூட்டமே. மருத்துவரும் வேளாண்மையில் நாட்டமுடையோரும் இயற்கை ஆராய்ச்சியில் ஆர்வங்கொண்ட ஊராரும் கூடி, கட்டுரை வாசித்துக் கலந்துரையாடுவர். ஹெர்ஷல் அங்கு முப்பத்தோரு கட்டுரைகள் வழங்கினார். பிறமொழியில் பிறந்து வளர்ந்த இசைக்கலைஞர் ஆங்கிலத்தில் அறிவியல் எழுதக் கற்றது அந்த அவையில்தான். வாட்சனோ இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினர். அவருடைய தந்தையாரும் அங்குச் செல்வாக்குடையவர். 1780இல் நிலவின் மலைகளைப் பற்றிய கட்டுரை வாட்சன் வழியாகவே இலண்டனை அடைந்தது.

இப்போது 1781ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாளுக்கு வருவோம். நியூ கிங் தெரு 19ஆம் எண் வீட்டின் பின்புறத் தோட்டம். இரவு பத்துக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட நேரம். ஹெர்ஷல் தம் ஏழடித் தொலைநோக்கியால் ரிஷப மண்டலத்தின் கொம்பு முனை விண்மீன் ஒன்றன் அருகே துழாவிக்கொண்டிருந்தார். (அம்மண்டலத்தின் பேரொளி விண்மீனை நம்மவர் ரோகிணி என்பர், மேலைநாட்டார் வழங்கும் அல்டெபரான் என்னும் பெயர் பின்தொடர்வது எனப் பொருள்படும் அரபுச்சொல்.) இரட்டை விண்மீன்களைத் தேடி வானத்தை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வந்த அவருக்கு, ஒன்று மட்டும் புள்ளியாகத் தோன்றாமல் வட்டமாகத் தோன்றியது. 227 மடங்கு பெருக்கத்தை 460 ஆக்கினார். பின் 932 ஆக்கினார். விண்மீன்கள் புள்ளியாகவே நிற்க, இது பெருகிக்கொண்டே போயிற்று. நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது இடம் மாறியிருந்தது.

வால்மீன் என்றே அவர் கருதினார். செய்தி வாட்சன் வழியாகக் கிரீனிச்சுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் சென்றது. அரசவை வானியலார் மாஸ்கலின் தம் கருவியில் அதை அடையாளம் காணவே இடர்ப்பட்டார். ஆயினும் அது கோளாக இருக்கலாம் என முதலில் ஐயுற்றவர்களுள் அவரும் ஒருவர். லெக்செல் முதலியோர் பாதையைக் கணித்தபின் உண்மை விளங்கிற்று. சனிக்கும் அப்பால், சனியைப்போல் இருமடங்குத் தொலைவில், 84 ஆண்டுகளுக்கு ஒருமுறை கதிரவனைச் சுற்றும் கோள் அது. யுரேனஸ் என்று பின்னாளில் பெயர் பெற்றது. பண்டைக்காலந்தொட்டு அறியப்பட்ட கோள்களின் வரிசையில் மனிதர் கண்டுபிடித்துச் சேர்த்த முதற்கோள் இதுவே. இதே பொருளை 1690இல் ஃபிளாம்ஸ்டீட் விண்மீன் எனக் குறித்துச் சென்றிருந்தார்! ஆகவே இது தற்செயலாய் நேர்ந்த பேறு என்பாருடன் நாம் உடன்படவில்லை, ஹெர்ஷலும் உடன்படவில்லை. முறையாகத் தேடிவந்தவருக்கு அன்றிரவு அதன் முறை வந்தது, அவ்வளவே.

பாத் இசையாசிரியர் கூறும் பெருக்க அளவுகளை நம்ப மறுத்தோர் பலர். 1782இல் அவருடைய தொலைநோக்கியைக் கிரீனிச்சுக்கே கொண்டுசென்று ஒப்பிட்டபோது, அரசு வானாய்வகத்தின் கருவிகளைவிட அது மேம்பட்டதெனத் தெரிந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் ஊதியம் தந்தார். இசையால் கிடைத்த வருவாயை நோக்க இது பெருங்குறைவு. இருந்தும் இசையை விட்டு வானத்தைத் தேர்ந்தார்.

இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த முடிவு கரோலினுக்கும் சேர்த்து எடுக்கப்பட்டது. அவர் அதற்குள் பாத் மேடைகளில் முதன்மைப் பாடகியாகி, வெளியூர் அழைப்பும் பெற்றிருந்தார்; அண்ணன் நடத்தாத மேடையில் பாடேன் என அதை மறுத்திருந்தார். அண்ணன் இசையை விட்டதும் தங்கையின் இசையும் முடிந்தது. அவர் தம் மனக்கசப்பைத் தம் குறிப்புகளில் மறைக்கவில்லை. ஆயினும் உறைபனி இரவுகளில் சாளரத்தருகே கடிகாரத்துடன் அமர்ந்து, அண்ணன் மேடையிலிருந்து கூவுவதையெல்லாம் எழுதினார். 1783ஆம் ஆண்டின் கடைசி இரவில் பனியில் ஓடும்போது இரும்புக் கொக்கி தொடையில் பாய்ந்து சதையைப் பிய்த்தது. அவ்விருவர் உழைப்பால் ஏறத்தாழ 2500 விண்முகில்களும் விண்மீன் கொத்துகளும் பட்டியலாயின. அதற்குமுன் மெசியே என்பார் தொகுத்தவை நூறளவே. 1786 ஆகஸ்டு முதல் நாள் அவர் தாமே ஒரு வால்மீனைக் கண்டார். பின்னும் ஏழு கண்டார். 1787இல் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் அளித்தார். தம் வாழ்நாளில் தமக்கென்று செலவிடக் கிடைத்த முதற்பணம் என அதை அவர் போற்றினார்.

ஸ்லவ் என்னும் ஊரில் 1789இல் முடிந்த நாற்பதடித் தொலைநோக்கி மன்னர் தந்த 4000 பவுனை விழுங்கியது. நான்கடி அகல ஆடியுடன் உலக வியப்பாய் நின்றதேயன்றி, பயன்பட்டது சிறிதே. பெரும்பணியெல்லாம் இருபதடிக் கருவியாலேயே நடந்தன. கதிரவனில் உயிர்கள் வாழ்வதாகக்கூட ஹெர்ஷல் நம்பினார். பெரியோர் கூற்றெல்லாம் பிழையற்றதன்று. 1800இல் கதிரவன் ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் வெப்பமானி உயர்வதைக் கண்டார். இன்றைய அகச்சிவப்பு வானியலுக்கு அதுவே வித்து.

1820இல் இலண்டனில் வானியற் கழகம் தோன்றியது. தொழில்முறை வானியலாரும் ஆர்வலரும் ஒருங்கே அமர்ந்த அந்தக் கழகத்தின் முதல் தலைவராக 1821இல் ஹெர்ஷல் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1822 ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்தார். யுரேனஸ் ஒருமுறை சுற்றிவரும் காலமும் அவர் வாழ்ந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஹானோவருக்குத் திரும்பிய கரோலின், விண்முகில் பட்டியலை அண்ணன் மகன் ஜானுக்கு உதவும்வண்ணம் வரிசைப்படுத்தி அனுப்பினார். அதற்காக 1828இல் அக்கழகத்தின் பொற்பதக்கம் பெற்று, 1848இல் தொண்ணூற்றேழாம் வயதில் மறைந்தார்.

யுரேனசைக் கண்ட தொலைநோக்கியின் ஆடி ஆறு அங்குலத்திற்குச் சற்றே மிகுந்தது. அவ்வளவான ஆடியுள்ள கருவி இன்று வானியல் ஆர்வலர் பலரிடம் உண்டு. அதுவும் கண்ணாடிமேல் அலுமினியம் பூசியது, அவர் ஆடியைவிட ஒளி மிகுதியாகத் தருவது. அதில் யுரேனஸ் பச்சை கலந்த நீலப் பொட்டாகத் தெரியும். வாங்க இயலாதோர் விண்மீன் மண்டலங்களை வெறுங்கண்ணால் அறிந்துகொண்டு, பின் இருகண் நோக்கியால் நிலவையும் வியாழனின் துணைக்கோள்களையும் பார்த்துப் பழகலாம்.

பாத் நகரத்து அந்தத் தெருவில் 19ஆம் எண் வீடு இன்றும் இருக்கிறது. 1977இல் ஆர்வலர் கூடி ஹெர்ஷல் பெயரால் ஒரு சங்கம் அமைத்து, பாழாக இருந்த வீட்டைக் காத்து அருங்காட்சியகமாக்கினர். 1781இல் ஹெர்ஷல் அங்கே மூன்றடி ஆடி வார்க்க முயன்றார். அச்சுக்கு வேண்டிய குதிரைச் சாணத்தைக் கரோலின் உரலில் இடித்துச் சலித்துத் தந்தார். அச்சு கசிந்து உருகிய உலோகம் தரையில் ஓட, கற்பலகைகள் வெடித்துக் கூரை வரை பறந்தன. எல்லோரும் உயிர் தப்ப ஓடினர். வெடித்த அந்தக் கற்கள் இன்றும் பட்டறைத் தரையில் உள்ளன.