மெய்யான எண்ணைத் தேடிய மகாலனோபிஸ்

ஒன்பது சிகரம் என்று பொருள்படச் சிங்களத்தில் பெயர் பெற்றது நமுனுகுல மலை. அதன் சரிவுகளில் பொழுது சாயும் வேளையில், கொழுந்து மடுவத்துத் தராசின் முன்னே பெண்கள் வரிசையாய் நிற்பர். தராசு காட்டும் எண் ஏட்டில் ஏறுகிறது. ஏட்டிலிருந்து அலுவலகம் செல்கிறது. மாத முடிவில் சம்பளமாகத் திரும்பி வருகிறது. முழுப் பேரா, அரைப்பேரா என்று தீர்ப்பதும் அந்த எண்ணே. முன்னாளில் பேனாவும் பேரேடும் செய்த வேலையைப் பல தோட்டங்களில் இன்று கணிப்பொறி செய்கின்றது. நொடியில் அது கூட்டிக் கழித்துவிடும். ஆனால், தன்னுள்ளே இடப்பட்ட எண் மெய்யா பொய்யா என்று அதற்குத் தெரியுமோ? இவ்வினாவை வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவரே இந்தியாவுக்கு முதல் இலக்கமுறைக் கணிப்பொறியை வரவழைத்தார். அவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ்.

1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில், பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, மேற்படிப்புக்குக் கேம்பிரிட்ஜ் சென்றார். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன் அங்கே அவருக்கு நண்பரானார். இராமானுஜன் இரவில் மேலங்கியோடு படுத்தும் குளிரால் வருந்துவதை அறிந்த மகாலனோபிஸ், அவருடைய படுக்கையைச் சென்று பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. ஓரங்கள் மெத்தையின் அடியில் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து உறங்க வேண்டும் என்பது நண்பருக்குத் தெரியவில்லை. மகாலனோபிஸ் அதைச் செய்து காட்டினார். கம்பளிகளின் தொகையை மட்டும் எழுதி வைத்திருந்தால் குறை ஒன்றும் தோன்றியிராது. நேரிற் பார்த்ததனாலேயே உண்மை புலப்பட்டது.

1915இல் தாயகம் திரும்பும்போது புள்ளியியல் இதழ்த் தொகுதிகளை உடன் கொண்டுவந்தார். கப்பலிலேயே அவற்றைப் படிக்கத் தொடங்கினார். பௌதிகம் கற்பித்துக்கொண்டே, கல்லூரியில் தம் அறையைப் புள்ளியியல் ஆய்வுக்கூடமாக்கினார். 1926இல் ஒரிசாவில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர் கருதினர். மகாலனோபிஸ் ஏறத்தாழ 60 ஆண்டு மழைக் குறிப்புகளை ஆராய்ந்து, அக்கருத்துத் தவறு என்று காட்டினார். 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகம் அவரால் உருவாயிற்று.

1937இல் வங்காளத்துச் சணற் பயிரை மதிப்பிடும் பணியை மேற்கொண்டார். வயல்களையெல்லாம் அளப்பது இயலாதது. ஆகவே, திருவுளச்சீட்டு எடுப்பதுபோல் தேர்ந்த சிறு நிலத்துண்டுகளை மட்டும் அளந்து, அவற்றிலிருந்து முழுப் பயிரையும் கணித்தார். அத்துடன் அவர் மனம் அமையவில்லை. அளந்தவன் களைத்திருக்கலாம், போகாமலே எழுதியிருக்கலாம். எனவே ஒரே பகுதிக்கு, ஒருவரோடொருவர் கலவாத இரு குழுவினரை அனுப்பினார். இரண்டு குழுவின் எண்களும் ஒத்துவந்தால் நம்பலாம். முரண்பட்டால் எங்கோ பிழை உண்டு. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வின் வாயிலாக இம்முறைகள் இந்தியாவின் கிராமங்களுக்கெல்லாம் சென்றன.

குவிந்துவந்த எண்களைக் கூட்டுவது யார்? அந்நாளில் கழகத்தில் பலர் வரிசையாய் அமர்ந்து, கைப்பிடி சுழற்றும் இயந்திரங்களால் கணக்கிட்டனர். மேலை நாடுகளில் அப்பொழுதுதான் மின்கணிப்பொறிகள் தோன்றியிருந்தன. தேயிலையும் ரொட்டியும் விற்ற லயன்ஸ் என்னும் நிறுவனமே, 1951இல் இலண்டனில் தன் வணிகக் கணக்குக்காக லியோ என்ற கணிப்பொறியை இயக்கியது. மகாலனோபிஸின் முயற்சியால் 1955இல் எச்.இ.சி. 2எம் என்னும் பொறி இங்கிலாந்திலிருந்து கல்கத்தா வந்தது. துளையிட்ட அட்டைகளின் வழியே எண்களை ஏற்று, சுழலும் காந்த உருளையில் நினைவிருத்தி, கட்டளை வரிசைப்படி அது கணக்கிட்டது. பின்னர் சோவியத் நாட்டின் யூரல் பொறியும் வந்து சேர்ந்தது.

பொறி வந்த பின்னும், வயலுக்குச் சென்று அளப்பவரை அவர் கைவிடவில்லை. கூட்டலில் பொறி பிழை செய்யாதிருக்கலாம். தவறாகக் கொடுத்த எண்ணைத் திருத்தும் ஆற்றல் கூட்டலுக்கு இல்லை. 1972ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், 79 வயது நிறைவதற்கு ஒருநாள் முன்பாக, அவர் மறைந்தார். அவர் பிறந்த நாளை இந்தியா 2007 முதல் புள்ளியியல் நாளாகக் கொண்டாடி வருகிறது.

இன்று வங்கியிலும் மருத்துவமனையிலும் கணிப்பொறி அச்சிட்டுத் தரும் தாளைக் கண்டதும் நாம் வாயடைத்துப் போகிறோம். பொறி சொல்லிவிட்டது, இனிப் பேச்சேது என்று எண்ணிவிடுகிறோம். அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு தராசும், அதைப் பார்த்து எழுதிய ஒரு கையும் இருக்கின்றன என்பது மறந்துபோகிறது. மடுவத்தில் நிற்கும் பெண் நாள்தோறும் தன் கொழுந்தின் எடையைத் தானும் ஒரு சிறு கொப்பியில் குறித்துவைப்பாளாயின், மாத முடிவில் இரண்டு கணக்குகள் இருக்கும். ஒத்துவந்தால் நிம்மதி, ஒவ்வாவிட்டால் கேட்பதற்கு ஆதாரம். வங்காளத்து வயல்களுக்கு இரு குழுக்களை அனுப்பிய பேராசிரியரின் முறையும் அதுவே. அதற்குப் பொறி வேண்டியதில்லை. ஒரு பென்சில் போதும்.