பாக்கெட் கேமராவா, லென்ஸ் மாத்துற கேமராவா? மா.கிருஷ்ணன் எதைச் சுமந்தார்?

கள்ளக்குறிச்சியில் இருந்து வெள்ளிமலை வழியாக கல்வராயன் மலைக்கு வண்டியை விடுபவர்களுக்கு, அருவியைப் படமெடுக்க போனே போதும். மர நிழலில், எட்டாத கிளையில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால்தான் சிக்கல். அப்போதுதான் கேமரா வாங்கும் ஆசை வரும், கூடவே குழப்பமும் வரும்.

சின்ன கேமராவில் லென்ஸை கழற்ற முடியாது, ஆனால் சட்டைப் பையிலேயே போட்டுக்கலாம். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பரவலாக இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார், நல்ல காம்பாக்ட்களில் வரும் 1 இன்ச் சென்சாரை விட பரப்பில் சுமார் 3 மடங்கு பெரிது. வெளிச்சம் குறைந்த காட்டில் இது நன்றாகவே தெரியும். விலையும் எடையும் கூட ஏறும் என்பதுதான் இடிக்கிற இடம்.

இதே கணக்கைப் படச்சுருள் காலத்தில் போட்டவர் மா.கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். நாவலாசிரியர் அ.மாதவையாவின் கடைசிப் பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று பல வேலை பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் சென்னை திரும்பினார். மறுபடி யாரிடமும் சம்பளத்துக்குப் போகவில்லை. எழுத்தும் படமும்தான் வருமானம். அப்போ கேமரா என்பது அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

கடையில் கிடைத்த எதுவும் அவருக்குச் சரிப்படவில்லை. ஒரு கேமராவின் உடலில் வேறொரு கம்பெனியின் டெலி லென்ஸைப் பொருத்தி, மீதியைத் தானே செய்து ஒட்டவைத்தார். அதற்கு வைத்த செல்லப் பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. பேரைக் கேட்டாலே கனம் தெரிகிறது இல்லையா? அந்தக் கனத்தோடுதான் காட்டு யானைகளைப் பின்தொடர்ந்தார். அதுவும் கறுப்பு வெள்ளையில் மட்டும், கலர் பக்கமே போகவில்லை. கொஞ்சம் பிடிவாதம்தான்.

1968-ல் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. தீபகற்ப இந்தியக் காடுகளில் பெரிய பாலூட்டிகளைத் தேடி அலைந்து பதிவு செய்தார். பத்மஸ்ரீயும் வந்தது. ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950-ல் தொடங்கிய அவரது பத்தி 46 வருஷம் ஓடியது. 1996 பிப்ரவரி 18-ல் அவர் காலமானார். கடைசிக் கட்டுரை அன்றைய பேப்பரில்தான் வந்திருந்தது.