பினாங்கு தந்த நுண்ணுயிர் அறிஞர்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில் 1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் வூ லியன் தே பிறந்தார். அவருடைய தந்தையார் சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர். பிள்ளைகள் பலர் கொண்ட குடும்பம் அது. பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்ற வூ, படிப்பில் எப்பொழுதும் முன்னணியில் நின்றார். 1896ஆம் ஆண்டில் மகாராணியார் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 17. கப்பலேறி இங்கிலாந்து சென்ற அவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற முதல் சீன மாணவர் என்னும் பெருமையைப் பெற்றார்.

பட்டம் பெற்றதோடு வூவின் அறிவுத் தாகம் தணிந்துவிடவில்லை. மலேரியாவைக் கொசுக்கள் பரப்புகின்றன என்று நிறுவிய ரோனால்ட் ராஸ் லிவர்பூலில் பணியாற்றி வந்தார். வூ அங்குச் சென்று பயின்றார். பிறகு ஜெர்மனியிலும் பாரிஸ் மாநகரின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்திலும் நுண்ணுயிரியலைக் கற்றார். பாரிஸில் அவருக்கு வழிகாட்டியவர் எலி மெச்னிகோவ் என்னும் ரஷ்ய அறிஞர். உடலுக்குள் புகும் கிருமிகளை இரத்தத்தின் வெள்ளணுக்கள் விழுங்கி அழிக்கின்றன என்று கண்டறிந்தவர் அவர். அக்கண்டுபிடிப்புக்காக 1908ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அந்நாள்களில் மெச்னிகோவ் மற்றொரு கருத்தையும் எடுத்துரைத்து வந்தார். மனிதனின் பெருங்குடலில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் சில, உணவை அழுகச் செய்து நச்சுப் பொருள்களை உண்டாக்குகின்றன. அந்நச்சு இரத்தத்தில் கலந்து இரத்தக் குழாய்களைத் தடிக்கச் செய்கிறது, முதுமையையும் விரைவுபடுத்துகிறது. இதுவே அவருடைய கருத்து. புளித்த பாலில் உள்ள நுண்ணுயிர்கள் இத்தீமையைத் தடுக்கும் என்று நம்பிய அவர், அதனை நாள்தோறும் பருகினார். குடலுக்கும் இரத்தக் குழாய்க்கும் தொடர்பு உண்டு என்பதை அக்காலத்தில் பலர் நம்ப மறுத்தனர். உறுதியான சான்றுகளும் போதிய அளவில் இல்லை.

1903ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய வூ, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். பெரிபெரி நோயையும் குடலில் வாழும் உருளைப்புழுவையும் பற்றி ஆராய்ந்தார். ஆயினும், மருத்துவத் துறையின் உயர்பதவிகள் யாவும் ஆங்கிலேயருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. எவ்வளவு கற்றிருந்தும் வூவுக்கு அக்கதவு திறக்கவில்லை. எனவே, 1904ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பினாங்கு சூலியா தெருவில் சொந்த மருந்தகம் தொடங்கினார். கடல்கடந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய தெரு அது.

மருந்தகத்தை நாடி வந்தோரில் பலர் அபின் பழக்கத்திற்கு அடிமையானவர்கள். அதனைக் கண்டு வருந்திய வூ, அபின் எதிர்ப்பு இயக்கத்தில் முன்னின்று உழைத்தார். அபின் வரியோ அரசின் வருவாயில் பெரும்பங்கு வகித்தது. ஆகவே, எதிர்ப்பு வலுத்தது. 1907ஆம் ஆண்டில் அவருடைய மருந்தகத்தில் அபின் கலந்த மருந்து சிறிதளவு இருந்ததாக வழக்குத் தொடுக்கப்பட்டது. தீர்ப்பும் அவருக்கு எதிராக அமைந்தது. அச்சமயத்தில் சீன அரசு அவரைத் தியன்ஜின் இராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநராக அழைத்தது. வூ பினாங்கை விட்டுப் புறப்பட்டார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வடகிழக்கிலுள்ள ஹார்பின் நகரில் கொடிய நோயொன்று பரவியது. காய்ச்சலும் இருமலும் கண்டவர்கள் சில நாள்களிலேயே மடிந்தனர். அரசு வூவை அங்கு அனுப்பியது. கடுங்குளிரில் நகரை அடைந்த அவர், இறந்த பெண்ணொருத்தியின் உடலைக் கூறாய்வு செய்து, நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். பிளேக் கிருமிகள் அவர் கண்ணுக்குத் தென்பட்டன. பிளேக் நோய் எலித் தெள்ளுப்பூச்சிகளால் பரவுகிறது என்பதே அக்கால மருத்துவர்களின் துணிபு. ஆனால், இங்கோ கிருமிகள் நுரையீரலைத் தாக்கியிருந்தன. நோயாளி இருமும்பொழுது காற்றின் வழியாகவே இந்நோய் பரவுகிறது என்று வூ முடிவு செய்தார்.

மெல்லிய துணி அடுக்குகளுக்கிடையே பஞ்சு வைத்துத் தைத்த முகக்கவசத்தை அனைவரும் அணிய வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். அங்கு வந்த மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர் அனுபவம் மிக்கவர். இளைஞரான வூவின் கூற்றை அவர் ஏற்கவில்லை. முகக்கவசமின்றியே நோயாளிகளைச் சோதித்தார். சில நாள்களில் அவரும் அந்நோய்க்குப் பலியானார். அதன் பிறகே முகக்கவசத்தின் தேவையைப் பலரும் உணர்ந்தனர்.

நிலம் உறைந்து கிடந்ததால் பிணங்களைப் புதைக்க இயலவில்லை. ஆயிரக்கணக்கான உடல்கள் வெட்டவெளியில் கிடந்தன. அவற்றை எரிக்க வூ அரசரின் ஒப்புதலைக் கேட்டார். முன்னோரை முறைப்படி அடக்கம் செய்வதைக் கடமையாகக் கருதிய மக்களிடையே இஃது எளிய செயலன்று. ஒப்புதல் கிடைத்தது, உடல்கள் எரியூட்டப்பட்டன. நோய் கண்டோர் தனித்து வைக்கப்பட்டனர், போக்குவரத்தும் கட்டுப்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 60,000 உயிர்களைப் பறித்த கொள்ளைநோய், 1911ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் முக்டென் நகரில் நடந்த அனைத்துலகப் பிளேக் மாநாட்டிற்கு வூவே தலைமையேற்றார்.

அதன் பின்னர் சீனாவில் மருத்துவமனைகளையும் நோய்த்தடுப்புப் பணிகளையும் அவர் வளர்த்தார். 1935ஆம் ஆண்டில் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1937ஆம் ஆண்டில் போர் மூண்டதும் மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போவில் மருத்துவராகப் பணியாற்றினார். தம் வாழ்க்கை வரலாற்றை 1959ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், தம் 80ஆம் வயதில், பினாங்கு இல்லத்தில் பக்கவாதத்தால் உயிர் நீத்தார். மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடுவதாலோ இரத்தக் குழாய் வெடிப்பதாலோ ஏற்படுவதே பக்கவாதம்.

அவருடைய ஆசான் மெச்னிகோவ் கூறிய கருத்து நீண்ட காலம் மறக்கப்பட்டிருந்தது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகர ஆய்வாளர்கள் அதற்கு நெருக்கமான உண்மையொன்றை வெளியிட்டனர். இறைச்சி, முட்டை போன்ற உணவுகளில் உள்ள சில சத்துகளைக் குடல் நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அதனால் உண்டாகும் பொருளைக் கல்லீரல் வேறொரு பொருளாக மாற்றுகிறது. அஃது இரத்தத்தில் மிகும்பொழுது மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று தெரிய வந்தது. குடல் நுண்ணுயிர்கள் யாவும் தீயவை அல்ல. கீரை, பயறு, பழங்களில் உள்ள நார்ச்சத்தை உண்டு, உடலுக்கு நன்மை தரும் அமிலங்களை உருவாக்குபவையும் உள்ளன. மெச்னிகோவ் கூறியவை அனைத்தும் சரியாகிவிடவில்லை. ஆயினும், குடலும் இரத்தக் குழாயும் தொடர்புடையவை என்னும் அவரது எண்ணம் வீண்போகவில்லை. இவ்வாய்வு இன்றும் தொடர்கிறது.

பினாங்கு ஃபிரீ பள்ளியும் ஈப்போவின் சாலையொன்றும் இன்றளவும் வூ லியன் தேயின் பெயரைப் போற்றி வருகின்றன. ஒரு கருத்தைச் சொல்பவரின் வயதையும் பதவியையும் பாராமல், அதற்குரிய சான்றைத் தேட வேண்டும் என்பதே அவருடைய வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடமாகும்.