உடைந்த கல் காட்டிய வழி

கிணறு வெட்டும்போது சிலை கிடைத்தது, நிலத்தை உழும்போது காசுப்பானை கிடைத்தது என்று நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். அதனால் தொல்பொருள் ஆராய்ச்சி என்றாலே அதிர்ஷ்டம் என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். மண்வெட்டியைத் தொடும் முன்பே, எங்கே வெட்டவேண்டும் என்பதைப் படித்தே அறிந்துகொண்ட ஒரு பேரறிஞரின் வாழ்வை இங்கே காண்போம். அவர்தாம் ஜொவான்னி பத்திஸ்தா தெ ரோஸி.

1822-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் உரோமை நகரில் தெ ரோஸி பிறந்தார். சட்டம் பயின்று பட்டம் பெற்றார். ஆயினும் அவருடைய உள்ளம் வழக்கு மன்றத்தை நாடவில்லை. உரோமைக்கு வெளியே, நிலத்துக்கடியில் கிடந்த பழைய கிறிஸ்தவக் கல்லறைகளையே நாடியது. கட்டகோம்புகள் என்று நாம் வேதபாட வகுப்பில் கேள்விப்படுபவை அவைதாம். சேசு சபையைச் சேர்ந்த மார்க்கி அடிகளார் அவருக்கு ஆசானாக வாய்த்தார். வத்திக்கான் நூலகத்தில் பழைய ஏடுகளைப் படித்து ஆராயும் பணியும் கிடைத்தது.

அக்கல்லறைகள் எவ்வாறு மறைந்தன? முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் நகரத்துக்கு வெளியே, சாலையோரங்களில், பூமிக்கடியில் நீண்ட பாதைகளை வெட்டி, இருபுறச் சுவர்களிலும் அடுக்கடுக்காகத் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்தனர். வேதசாட்சிகளின் கல்லறைகளைத் தேடித் திருயாத்திரிகர் திரளாக வந்தனர். பிற்காலத்தில் படையெடுப்புகள் நேர்ந்தன. கல்லறைகள் சூறையாடப்பட்டன. எனவே 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் பாப்பரசர்கள் வேதசாட்சிகளின் திருப்பண்டங்களை நகரத்துக் கோவில்களுக்குள் கொண்டுவந்தனர். அதன்பின் பலவற்றுக்கு யாத்திரிகர் போவது நின்றது. படிக்கட்டுகள் இடிந்தன, வாயில்கள் தூர்ந்தன. மேலே திராட்சைத் தோட்டங்கள் தழைத்தன. 1578-ல் கூலியாட்கள் மண் தோண்டியபோது தற்செயலாக ஒரு கல்லறைப் பகுதி திறந்துகொண்டது. அதன்பின் பொஸியோ என்ற அறிஞர் பல இடங்களை ஆராய்ந்து பெரியதொரு நூல் எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்களில் பலரோ, கிடைத்த கல்லையும் எலும்பையும் வெளியே எடுத்துச் செல்வதிலேயே கருத்தாயிருந்தனர். எது எங்கே இருந்தது என்ற விவரமும் அவற்றோடு தொலைந்தது.

தெ ரோஸி வேறு வழியை மேற்கொண்டார். 7-ஆம் நூற்றாண்டில் உரோமைக்கு வந்த யாத்திரிகர்கள், எந்தச் சாலையில் எந்தப் புனிதரின் கல்லறை உள்ளது, அதற்கடுத்தது எது என்று வரிசையாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தனர். துறவு மடங்களின் நூலகங்கள் அவ்வேடுகளைக் காப்பாற்றி வைத்திருந்தன. அவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் படித்தார். பாப்பரசர்கள் பலர் அடக்கம் செய்யப்பட்ட புனித கலிஸ்துவின் கல்லறைத் தோட்டம் ஆப்பியா சாலையில் உள்ள புனித செபஸ்தியார் கோவிலின் அடியிலேயே இருப்பதாக அந்நாளில் கற்றோர் நம்பியிருந்தனர். ஏடுகளோ அது வேறிடம் என்று தெ ரோஸிக்குக் காட்டின.

1849-ல், அச்சாலையருகே ஒரு திராட்சைத் தோட்டத்தில், உடைந்த சலவைக்கல் துண்டு ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதில் ஒரு பெயரின் பின்பகுதியாகிய நேலியுஸ் என்ற எழுத்துகளும், வேதசாட்சி என்ற சொல்லின் தொடக்கமும் இருந்தன. வேறொருவர் அதைப் பழங்கல் என்று எண்ணிக் கடந்து போயிருப்பார். தெ ரோஸியோ அது 253-ல் உயிர்நீத்த பாப்பரசர் புனித கொர்னேலியுவின் கல்லறைக் கல்லாயிருக்க வேண்டும் என்று எண்ணினார். கொர்னேலியுவின் கல்லறை கலிஸ்துவின் கல்லறைத் தோட்டத்துக்கு அருகே இருந்ததாக ஏடுகள் கூறின. அப்படியானால், எல்லாரும் தேடும் இடம் இந்தத் தோட்டத்தின் அடியிலேயே அல்லவா இருக்கவேண்டும்!

அப்போது அவருக்கு வயது 27. கற்றறிந்த மூத்தோர் பலருடைய கருத்துக்கு மாறாக அவர் பேசவேண்டியிருந்தது. கணிப்பு தவறினால் பாப்பரசரின் பணமும் வீண், தம் பெயரும் வீண். எனினும் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அவரை நம்பினார். தோட்டம் விலைக்கு வாங்கப்பட்டது. 1852-ல் பூமிக்கடியில் கொர்னேலியுவின் கல்லறை வெளிப்பட்டது. பெயரின் முன்பகுதி பொறித்த கல் அங்கேயே கிடந்தது. இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தபோது பொருந்தின!

1854-ல் அதனினும் பெரிய காட்சி கிடைத்தது. யாத்திரிகர் கூட்டமாக வந்த இடம் எது என்று கண்டுபிடிக்கத் தெ ரோஸி சில அடையாளங்களை வைத்திருந்தார். அகலமான படிக்கட்டு, காற்றும் வெளிச்சமும் இறங்க மேலிருந்து வெட்டிய துவாரம், சுவரில் யாத்திரிகர் கீறிய பெயர்களும் மன்றாட்டுகளும் ஆகியவை அவை. அவ்வழியே சென்று, 3-ஆம் நூற்றாண்டுப் பாப்பரசர்களின் அடக்க அறையைக் கண்டார். புனித தமாசு பாப்பரசர் 4-ஆம் நூற்றாண்டில் அங்கே வைத்த கல்வெட்டு நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. அவற்றைப் பொறுமையாக இணைத்தார். அடுத்த அறை புனித செசிலியம்மாளின் அடக்க இடம். பாட்டுக் குழுவினரின் பாதுகாவலியான அப்புனிதையின் ஓவியம் அங்கே சுவரில் இருந்தது.

இத்தனையும் எவ்வாறு அழியாமல் இருந்தன? அந்நிலம் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்பாறை. வெட்டுவதற்கு எளிது, இடிந்து விழாமல் நிற்கவும் வல்லது. அடியில் வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. வெயிலும் மழையும் நுழைவதில்லை. மேலிருந்த துவாரங்கள் வழியே சரிந்து நிறைந்த மண், செசிலியம்மாளின் அறையை மூடி மறைத்தது. நாம் அழிவு என்று நினைக்கும் அந்த மண்ணே அதற்குப் போர்வையாயிற்று. மனிதர் மறந்ததை மண் காத்தது எனலாம்.

தெ ரோஸியின் தம்பி மிக்கேல் நிலவியல் வல்லுநர். சுரங்கப் பாதைகளை அளப்பதற்கு ஒரு கருவியே செய்தார். இடம் போதாதபோது பாதையின் தரையை மேலும் தாழ்த்தி வெட்டிப் புதிய கல்லறைகள் அமைத்திருந்தனர். ஆகையால் அத்தகைய பாதைகளில் உயரத்தில் உள்ளவையே பழையவை என்பது புலனாயிற்று. அண்ணனும் தம்பியும் சேர்ந்து உழைத்ததன் பயன் 1864, 1867, 1877 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரிய தொகுதிகளாக வெளிவந்தது. 1894 செப்டம்பர் 20-ஆம் நாள் காஸ்தெல் கண்டோல்போவில் தெ ரோஸி ஆண்டவரில் துயில் கொண்டார்.

இன்று வானிலிருந்து எடுத்த படங்களும், மண்ணுக்குள் அலைகளைச் செலுத்தும் ராடார் கருவியும், லேசர் அளவியும் ஆராய்ச்சியாளருக்குத் துணை செய்கின்றன. ஆனால் கண்டுபிடிப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. திறந்த நாள் முதல் ஆபத்தும் தொடங்குகிறது. விளக்கு வெளிச்சம் பட்ட இடத்தில் பாசி வளர்கிறது, வருவோரின் மூச்சும் ஈரமும் ஓவியங்களைக் கெடுக்கின்றன. ஆகவே பார்வையாளருக்குச் சில பாதைகள் மட்டுமே திறந்துவிடப்படுகின்றன. தோமித்தில்லா கட்டகோம்பில் கருமை படிந்து மறைந்திருந்த ஓவியங்கள் லேசர் ஒளியால் துலக்கப்பட்டு 2017-ல் மக்களுக்குக் காட்டப்பட்டன.

நம் வீட்டுப் பரணிலும், ஊர்க் கோவிலிலும், பழைய கல்லறைத் தோட்டத்திலும் எழுத்துள்ள கற்களும் ஏடுகளும் இருக்கக்கூடும். அவற்றைப் பெயர்த்தெடுக்காமல், வெள்ளையடித்து மறைக்காமல், எங்கே என்ன இருக்கிறது என்று குறித்துவைத்துப் பெரியோரிடம் காட்டினாலே போதும். ஓர் உடைந்த கல்லை நின்று படித்த தெ ரோஸியைப்போல, நாமும் நின்று பார்க்கக் கற்றுக்கொள்வோமாக!