தம் உடம்பையே சோதனைச் சாலையாக்கியவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன் ஒருவன் எழுதியது)

மதுரை மேலமாசி வீதியில் உள்ள அந்த மாடி வீட்டை அறியாதார் நம்மில் இலர். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் தொப்பியையும் மேற்சட்டையையும் துறந்து, முழங்கால் அளவு வேட்டிக்கு மாறியது அங்கேதான். ஆண்டுதோறும் நம் கல்லூரி மேடைகளில் அந்த அரையாடை பேசப்படுகிறது. ஆனால் அந்த ஆடைக்குள் இருந்த உடம்பைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை. 78 வயது வரை அந்த மெலிந்த உடம்பை அவர் எப்படிப் பேணினார்?

இக்கேள்வி எனக்கு எழக் காரணம் என் தந்தையார். கட்டட வேலை செய்பவர். இரத்தக் கொதிப்பு என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். இயற்கை உணவே போதும், கம்பங்கூழும் கீரையும் இருக்க மாத்திரை எதற்கு என்று உறவினர் ஒருவர் சொல்ல, அவரும் நிறுத்திவிட்டார். சில வாரங்களில் வேலையிடத்தில் தலை சுற்றிச் சாரத்தின் அருகே விழுந்தார். நல்ல வேளையாக அவர் சாரத்தின் மேல் நிற்கவில்லை. வீட்டில் நான் வாதாடியபோது, காந்தி எந்த டாக்டரிடம் போனார் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரி நூலகத்தில் அடிகளின் வாழ்க்கையை எடுத்துப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்றபோது, நம்மில் பலரைப் போலவே, பணத்தை எண்ணி எண்ணிச் செலவிட வேண்டிய மாணவர். வண்டிச் செலவை விடுத்து நாளும் எட்டு, பத்து மைல் நடந்தார். ஒற்றை அறைக்குக் குடிபெயர்ந்து, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சிக் குடித்தார். சிக்கனத்திற்காகத் தொடங்கிய நடையே தம் உடம்பை உறுதியாக்கியது என்று பின்னாளில் அவரே உணர்ந்தார். ஏழ்மை கற்றுக்கொடுத்த நல்வாழ்வு எனலாம்!

தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக வருவாய் பெருகியதும் நோயும் உடன் வந்தது. மலச்சிக்கல், அடிக்கடி தலைவலி. பேதி உப்பு இன்றி வயிறு இயங்காத நிலை. மான்செஸ்டரில் காலை உணவை விட்டவர்கள் ஒரு சங்கம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுத் தாமும் விட்டுப் பார்த்தார். தலைவலி நின்றது. ஜெர்மானியர்களான லூயி கூனேயின் தொட்டிக் குளியலையும், அடால்ஃப் ஜஸ்டின் மண் சிகிச்சையையும் படித்துச் செய்து பார்த்தார். தூய மண்ணைக் குளிர்ந்த நீரில் குழைத்து, மெல்லிய துணியில் பரப்பி, இரவில் அடிவயிற்றில் கட்டிக்கொண்டு உறங்குவது, காலையில் அவிழ்த்துவிடுவது. செலவு ஏதுமில்லை. கூலித் தொழிலாளர் நடுவே வாழ்ந்த அவருக்கு இம்முறை பிடித்துப்போனதில் வியப்பில்லை.

1904இல் ஜோஹன்னஸ்பர்க் இந்தியர் குடியிருப்பில் கொள்ளை நோய் புகுந்தது. சுரங்கத் தொழிலாளர் 23 பேர் ஒரே நேரத்தில் வீழ்ந்தனர். காந்தியடிகள் அஞ்சாது உடனிருந்து பணிவிடை செய்தார். மருத்துவரின் இசைவு பெற்று மூவருக்கு மண் கட்டு வைத்தார். இருவர் பிழைத்தனர், மற்றவர்கள் மாண்டனர். இதைக் கொண்டு மண் கொள்ளை நோயைத் தீர்க்கும் என்று முடிவு செய்யலாமா? மூன்று பேரை வைத்துச் செய்த சோதனையைச் செய்முறைத் தேர்வில் எழுதினால் நம் பேராசிரியர்கள் மதிப்பெண் இடமாட்டார்கள்! ஆனால் செவிலியாக வந்த பெண்ணும் அந்நோய்க்கே பலியான அக்கூடத்தில் அவர் தங்கியிருந்தார் என்பதை எந்த மதிப்பெண்ணால் அளப்பது?

1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1,100 ஏக்கர் நிலத்தை நண்பர் காலன்பாக் கொடுத்தார். தங்கியவர்களில் தமிழர் பலர். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழை அடிகளே கற்பித்தார். ஜோஹன்னஸ்பர்க் 21 மைல். சொந்த விருப்பத்திற்குப் போவோர் நடந்தே போக வேண்டும். விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்பி நகருக்கு நடப்பார்கள். மலத்தையும் குப்பையையும் மண்ணில் புதைத்து எருவாக்கினர். ஆகையால் ஈக்களின் தொல்லை இல்லை. ஈயின் வாழ்க்கைச் சுற்றைப் படித்த நமக்கு இதன் அருமை தெரியும். மண் கட்டைக் காட்டிலும் இந்த மண்வெட்டியே பெரிய மருந்து என்பது என் எண்ணம்.

அங்கே 70 வயதான லுட்டாவன் என்பவர் ஆஸ்துமாவால் இருமிக்கொண்டு வந்து சேர்ந்தார். உப்பில்லாத உணவு, கூனே குளியல், வெயில் காய்தல் எல்லாம் கொடுத்தும் இருமல் குறைந்தபாடில்லை. ஒருநாள் இரவு அடிகள் கைவிளக்கை அடித்துப் பார்த்தால், பெரியவர் படுக்கையில் அமர்ந்து திருட்டுத்தனமாகப் புகை பிடித்துக்கொண்டிருக்கிறார்! குட்டு வெளிப்பட்டதும் மன்னிப்புக் கேட்டு அதை அறவே விட்டார். ஒரு மாதத்தில் இருமல் தணிந்தது. எங்கள் தெருவில் பீடியோடு இருமும் பெரியவர்கள் நால்வர் உண்டு. அவர்களுக்கு இதைச் சொன்னேன். கதையை மிகவும் ரசித்தார்கள், அவ்வளவே.

1909இல் எழுதிய இந்திய சுயராஜ்யத்தில் மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் மிகக் கடுமையாகச் சாடினார் அடிகள். உடல்நலம் பற்றி 1913இல் குஜராத்தியில் தொடர் கட்டுரைகளும் எழுதினார். இத்துடன் நிறுத்திக்கொண்டால் என் தந்தையார் சொன்னதே சரி. ஆனால் வாழ்க்கை அத்துடன் நிற்கவில்லை.

1918இல் கேடா மாவட்டத்தில் அலைந்து திரிந்து வயிறு கெட்டிருந்த சமயம். பட்டினி கிடப்பதே நலம் என்று அறிந்திருந்தும், பண்டிகை நாளில் கஸ்தூரிபா செய்து வைத்த இனிப்புக் கஞ்சியையும் பாசிப்பயற்றையும் கண்டு நாவை அடக்க முடியவில்லை. உண்ட ஒரு மணி நேரத்தில் கடும் சீதபேதி. மருந்து உண்ண மறுத்தார். எலும்பும் தோலுமாகி, இறுதி நெருங்கிவிட்டதாகவே எண்ணினார். பால் குடித்தாலன்றி உடம்பு தேறாது என்றார் மருத்துவர். பாலைத் துறந்ததாக 1912 முதல் விரதம்! விரதம் எடுத்தபோது மனத்தில் இருந்தவை பசுவும் எருமையுமே, ஆட்டுப்பால் குடித்தால் என்ன என்று வழி கண்டவர் கஸ்தூரிபா. குடித்தார், பிழைத்தார். விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டோமே என்று பிற்காலம் வரை வருந்தியதும் உண்மை. படிப்பறிவு அதிகமில்லாத அந்த அம்மையாரே இந்த இடத்தில் நாட்டுக்குப் பெரும் உபகாரம் செய்தவர்.

அடுத்து 1924. எரவாடாச் சிறையில் இருந்தபோது குடல்வால் அழற்சி. ஜனவரி 12ஆம் நாள் இரவு புனே சாசூன் மருத்துவமனையில் ஆங்கிலேயரான கர்னல் மாடக் கத்தி எடுத்தார். அடிகள் இசைவுக் கடிதத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அறுவை நடக்கையில் மின்விளக்கு அணைந்துவிட, வேறு விளக்கொளியில் முடித்தார்களாம். மருத்துவமனைகளைச் சாடிய அதே மனிதர், எதிர்த்த ஆட்சியின் மருத்துவர் கையில் தம் உடம்பை ஒப்படைத்தார். மண் கட்டு வைத்துப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. மலேரியா அவரை 3 முறை தாக்கியது. முதுமையில் இரத்த அழுத்தமும் இருந்தது; 1940இல் ஒருமுறை 220/110. அளந்து பார்க்க மருத்துவர்கள் உடனிருந்தனர்.

ஆயினும் இயற்கை வாழ்வை அவர் கைவிட்டவரல்லர். 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் மண், நீர், வெளி, ஒளி, காற்று ஆகியவற்றின் பயனை விளக்கி மீண்டும் ஒரு நூல் எழுதினார். 1946 மார்ச்சில் புனே அருகே உருளிகாஞ்சன் சிற்றூரில் தங்கி, ஏழை உழவர்களுக்குக் குளியலும் மண் கட்டும் உணவு முறையும் தாமே சொல்லிக் கொடுத்தார். டாக்டரின் வாசலை எட்ட முடியாத மனிதனும் நலமாக வாழ வேண்டும் என்பதே அவருடைய கவலை. டாக்டரிடம் போகாதே என்று நோயாளியை விரட்டுவதல்ல. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டவர்கள் நம் பக்கம் பலர்.

விடுமுறையில் தந்தையாரைத் தமுக்கம் அருகே இராணி மங்கம்மாள் அரண்மனையில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். 1959இல் நேரு திறந்து வைத்தது. மதுரையில் பிறந்து வளர்ந்தும் அவர் உள்ளே வந்ததில்லை. 1948 ஜனவரி 30ஆம் நாளின் இரத்தக் கறை படிந்த துணி முன் வெகுநேரம் நின்றார். வெளியே வேப்பமரத்தடியில் அமர்ந்து குடல்வால் கதையையும், 220/110 கணக்கையும் சொன்னேன். இப்போது மாத்திரையை முணுமுணுத்துக்கொண்டே விழுங்குகிறார், கூழையும் விடவில்லை. ஆனால் அன்று அவர் மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டது அறுவைக் கதையை அல்ல. கஸ்தூரிபா ஆட்டுப்பால் கொடுத்த கதையைத்தான்.