நட்சத்திரத்துக்கு அளவெடுத்த அருவங்காட்டுக்காரர்

பிறை பார்க்கும் மாலைகளில் கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தி மேட்டில் கூட்டம் கூடும். பிறை இறங்கிய பிறகு நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாய்த் தெரியும். அது எவ்வளவு பெருசு என்று பிள்ளைகள் கேட்டால் நம்மிடம் பதில் இருப்பதில்லை. சாதாரணத் தொலைநோக்கியில் பார்த்தாலும் வெறும் புள்ளிதான். அந்தப் புள்ளிகளுக்கு அளவெடுத்தவர் ராபர்ட் ஹான்பரி பிரவுன்.

1916 ஆகஸ்ட் 31இல் நீலகிரி மாவட்டத்து அருவங்காட்டில் பிறந்தவர். தந்தை ஆங்கிலேய ராணுவ அதிகாரி. சிறு வயதிலேயே இங்கிலாந்து போய்விட்டார். படித்தது பிரைட்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல். பாலிடெக்னிக் டிப்ளோமாவோடு கடைக்கு வந்துவிட்ட நமக்கு இந்த இடம்தான் பிடித்திருக்கிறது. 1936இல் ரேடார் வேலைக்குப் போனார். போர்க்காலத்தில் விமானத்தில் ரேடார் பொருத்துவதில் உழைத்தார். 1949இல், 33 வயதில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோட்ரல் பேங்க் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கும் கணித வல்லுநர் ரிச்சர்ட் ட்விஸ்ஸுக்கும் ஒரு யோசனை வந்தது. நட்சத்திர ஒளி ஒரே சீராக வருவதில்லை. மிக நுட்பமாகக் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். (காற்றினால் கண்சிமிட்டுவது வேறு.) கம்போங் குவாந்தான் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு கண்ணாடிகளிலும் அந்த ஏற்ற இறக்கம் அப்படித்தான் ஒத்துப்போகும். கண்ணாடிகளை விலக்க விலக்க ஒற்றுமை மங்கும். பெரிய தோற்றமுள்ள நட்சத்திரம் என்றால் சீக்கிரம் மங்கும். சிறியது என்றால் வெகுதூரம் விலக்க வேண்டும். அந்த இடைவெளியே கணக்கைச் சொல்லிவிடும்.

இயற்பியலாளர் பலர் இது நடக்காது என்றார்கள். கனடாவில் இருவர் சோதித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். அவர்களுடைய கருவியில் அந்த விளைவு தெரிய ஆயிரம் ஆண்டு ஆகும் என்று பிரவுனும் ட்விஸ்ஸும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

வாதத்தோடு நிற்கவில்லை. ராணுவம் பயன்படுத்திய இரண்டு தேடொளி விளக்குக் கண்ணாடிகளை வாங்கி, சிரியஸ் நட்சத்திரத்தை நோக்கித் திருப்பினார்கள். குளிர்காலம், மேகம். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்தது 18 மணி நேரப் பதிவு. 1956இல் விடை வந்தது. ஜொகூர் பாருவில் நின்று பெர்லிஸில் ஒருவர் கையிலுள்ள இருபது சென் காசைப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, சிரியஸின் தோற்றம் அவ்வளவுதான். தூரமும் தெரிந்ததால் உண்மை விட்டம் கிடைத்தது: சூரியனைவிடக் கொஞ்சம் பெரியது, இரண்டு மடங்கு இல்லை.

பிறகு ஆஸ்திரேலியாவின் நராப்ரையில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தின்மேல் இரண்டு பெரிய கண்ணாடிகள், ஒவ்வொன்றிலும் 252 துண்டுகள். 1972 வரை 32 நட்சத்திரங்களை அளந்தார்கள். ரிஜ்ல், தாயிர் என்று அரபிப் பெயர் கொண்டவை அதில் உண்டு. நம் பெரியவர்கள் அகத்திய நட்சத்திரம் என்றும் அரபிகள் சுஹைல் என்றும் சொல்வதும் உண்டு. அதன் விட்டம் சூரியனைப்போல் ஏறக்குறைய 70 மடங்கு. பிப்ரவரி இரவுகளில் இங்கே தெற்கே பார்த்தால் தெரியும்.

1985இல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் மாநாடு புதுடில்லியில் நடந்தபோது அதன் தலைவர் இந்த அருவங்காட்டுப் பிள்ளைதான். 2002 ஜனவரியில் இங்கிலாந்தில் காலமானார்.