மின்யானோவில் மாண்ட சுபேதார்



இத்தாலி தேசத்தில் பிறந்த வீரமாமுனிவர் நம் ஏலாக்குறிச்சியிலே அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வரலாறு உங்கள் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரியும். நம் நாட்டுக் கிராமத்தார் ஒருவர் அதே இத்தாலிக்குப் போய்த் தம் தோழர்களுக்காக உயிர் விட்டதை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்?

காஞ்சிபுரம் பக்கத்துக் கீழொட்டிவாக்கம் அவர் ஊர். சுப்பிரமணியன் என்று பெயர். மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து சுபேதாராக உயர்ந்தவர். சாப்பர்கள் என்றால் பட்டாளத்தின் கொத்தனார், தச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலம் கட்டுவார்கள், பாதை போடுவார்கள், பகைவன் புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளைத் தேடி எடுப்பார்கள். மற்றவர்கள் நடக்கும் வழியில் முதலில் கால் வைப்பவர்கள் இவர்கள்தாம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் இவர்கள் இத்தாலிக்குப் போனார்கள். 1944 பிப்ரவரி 15-ம் தேதி, அர்ச். ஆசீர்வாதப்பர் ஸ்தாபித்த மோந்தே கசினோ மடத்தை நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுத் தகர்த்தன. உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த ஏழை ஜனங்கள் மாண்டார்கள். யுத்தத்தின் கொடுமைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஒன்பது நாள் கழித்து, அதே சாலையில் உள்ள மின்யானோ என்னும் ஊருக்கு அருகே சுப்பிரமணியன் தம் ஆட்களோடு கண்ணிவெடி தேடிக்கொண்டிருந்தார். கூட வந்த லான்ஸ் நாயக் ஒருவர் தெரியாமல் ஒன்றை மிதித்துவிட்டார். அது மிதித்தவுடன் வெடிப்பதல்ல. சில விநாடி பொறுத்து வெடித்துச் சுற்றி நிற்பவர்களையெல்லாம் வாரிக்கொண்டு போகும். அந்தச் சில விநாடியில் ஒரு பிரியதத்த மந்திரத்தில் பாதிகூடச் சொல்லி முடியாது. விலகி ஓடித் தரையில் படுத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வெடியின் குணத்தை நன்றாக அறிந்த அவரோ, அதன்மேலேயே பாய்ந்து விழுந்தார். வெடித்ததை அவர் உடல் ஏற்றுக்கொண்டது. தோழர்கள் பிழைத்தார்கள்.

அவ்வருஷமே அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அளிக்கப்பட்டது. பகைவனோடு நேருக்கு நேர் பொருதாத வேளையில் காட்டும் மகா தைரியத்துக்கென்று 1940-ல் ஏற்பட்ட விருது அது. ஒன்றைக் கவனியுங்கள்: இந்தப் பதக்கத்துக்காக அவர் ஒருவரையும் சுடவில்லை, ஒரு தாயையும் அழவைக்கவில்லை. அழுதது கீழொட்டிவாக்கத்து வீடுதான். பதக்கம் வந்தால் பிள்ளை வந்ததாகுமா?

இடிந்த மடம் திரும்பக் கட்டப்பட்டு, 1964 அக்டோபரில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அதை அபிஷேகம் செய்தார். ரோமாபுரி யாத்திரை போகிறவர்கள் அங்கேயும் போவதுண்டு. நம் பங்கிலிருந்து யாராவது போனால், மின்யானோ அங்கிருந்து அதிகத் தூரமில்லை. வண்டி நிற்காவிட்டாலும் ஊர்ப் பெயர்ப்பலகையைக் கண்டதும் அந்தச் சுபேதாரை நினைத்துக்கொள்ளுங்கள்.